ஓட்டாத காருக்கு ஆறு புள்ளி

ஹெஸ்டர் பிராடாக் மேடத்தின் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். மூளை அவர், கால் நான். சக்கரம் என்று எங்களிடம் எதுவும் இல்லை.

மேடம் முப்பது வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து ஆய்வாளராக இருந்தவர். நொறுங்கிய கார்களைப் பார்த்துப் பார்த்து, டபுள் டெக்கர் பஸ்ஸின் மாடியில் முன் சீட்டுதான் மனித ஜென்மத்துக்குப் பாதுகாப்பு என்று முடிவு கட்டியவர். ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. டட்லி ஸ்பிங்க் ஆகிய எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. அதில் ஒன்பது அபராதப் புள்ளியும் இருக்கிறது. ரவுண்டானாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கோழிக் குழம்பு ஆர்டர் செய்ததற்கு ஆறு. இன்னொரு நாள், வாங்கிய குழம்பு ஆறுவதற்குள் வீடு போய்ச் சேர ஓட்டிய வேகத்துக்கு மூன்று. பன்னிரண்டு சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும். அதுவரை பொறுத்திருக்க இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் பெருந்தன்மை போதவில்லை. அவர்கள் கேட்ட பிரீமியத்துக்கு என் காரைப்போல நாலு கார் வாங்கலாம். ஆகவே என் கார் அக்கா வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. அக்காவின் பூனை அதில் குடித்தனம் நடத்துகிறது.

அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை காலை, பார்ன்ஸ்லி ஊரின் மேல் வழக்கம்போல் தூறிக்கொண்டிருந்தது. மீன் வறுவல் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் படியேறி வந்தார் கிளெனிஸ் ஆக்ராய்ட். வயது நாற்பத்தாறு. குள்ளமான உருவம். பென்னிஃபோல்ட் கேர் என்று மார்பில் எழுதிய நீலச் சீருடை. கையில் காகிதங்கள் பிதுங்கும் பிளாஸ்டிக் ஃபைல்.

தனியாக இருக்கும் முதியவர்களின் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து, சூப் சூடாக்கி வைத்து, தலை வாரிவிட்டு, பதினைந்து நிமிடத்தில் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற வேலை அவருக்கு. ஒரு நாளைக்குப் பதினாலு வீடு. கார் இல்லாமல் நடக்காது.

"திங்கக்கிழமை காலை ஒம்பது மணிக்குள்ள புது இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட்டைக் காட்டணும் மேடம். இல்லேன்னா வேலை போச்சு. என் பழைய பாலிசி ஞாயித்துக்கிழமையோட முடியுது" என்றார் கிளெனிஸ்.

"புதுப்பிச்சுட வேண்டியதுதானே?" என்றார் மேடம்.

"அதுக்குத்தான் போன செவ்வாய்க்கிழமை போன் பண்ணேன். இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன், ஒரு பார்க்கிங் அபராதம்கூடக் கட்டினதில்ல. அந்தப் பொண்ணு சொல்றா, உங்க லைசென்ஸ்ல ஆறு புள்ளி இருக்கு, கோர்ட்டுல தண்டனை ஆகியிருக்குன்னு. எனக்கு விஷயமே தெரியாது!"

"வாங்க, வாங்க. நம்ம சங்கத்துல சேர்ந்துட்டீங்க. வருஷக் கூட்டம் பஸ் ஸ்டாப்புல நடக்கும்" என்றேன் நான்.

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் என் தேநீர் ஆறியது. ஃபைலை வாங்கிப் பிரித்தார். லைசென்ஸ் பதிவில் குற்றம் தெளிவாக இருந்தது. வேகமாகப் போன ஒரு காரை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. கிளெனிஸ் பதிலே போடவில்லை. பதில் போடாததற்குத்தான் ஆறு புள்ளி.

"இது வேகத்தைவிட மோசமான சமாச்சாரம். வேகமா ஓட்டினவனை இன்ஷூரன்ஸ்காரன் அவசரக்காரன்னு எடுத்துக்குவான். பதில் போடாதவனை ஒளிக்கிறவன்னு எடுத்துக்குவான். நானே அப்படித்தான் முப்பது வருஷம் எடுத்துக்கிட்டேன்" என்றார் மேடம்.

நிரூபித்துக் காட்ட நான் மூன்று கம்பெனிகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மூன்றிலும் தேன் ஒழுகும் குரல். தண்டனை உண்டா என்ற கேள்வி வந்து, நான் உண்டு என்றதும் அதே குரல் ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து பேசியது. முதல் கம்பெனி வருந்தியது. இரண்டாவது கம்பெனி வருந்தக்கூட இல்லை. மூன்றாவது கம்பெனி கிளெனிஸின் பன்னிரண்டு வயதுக் குட்டிக் காருக்கு வருஷத்துக்கு நாலாயிரத்து நூற்று அறுபது பவுண்டு கேட்டது.

"அந்தக் கார் தொள்ளாயிரம்கூடப் போகாதே!" என்று கிளெனிஸ் அழுதேவிட்டார்.

"தண்டனை இல்லைன்னு ஒரு டிக் போட்டுட்டா?" என்றேன்.

"போடலாமே. ஏதாவது ஒண்ணு நடந்தா பாலிசி செல்லாதும்பான். இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டினதுக்கு இன்னொரு ஆறு புள்ளி. ஆறும் ஆறும் எவ்வளவு ஸ்பிங்க்? உனக்குத்தான் இந்தக் கணக்கு நல்லா வருமே" என்றார் மேடம்.

கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தார். பத்தேகாலுக்கு ஒரு மூதாட்டிக்கு இன்சுலின் போட வேண்டும்.

"உங்க முதலாளிகிட்ட ஒரு வாரம் தவணை கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"பென்னிஃபோல்டுகிட்டயா? கேட்டேன். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான் கிளெனிஸ்னு தோள்ல தட்டிக் கொடுத்தாரு. அவருக்கு ஏற்கெனவே என்மேல கடுப்பு. வசந்த காலத்துல ஒரு வார்னிங் லெட்டர் குடுத்தாரு, ஒரு வீட்டுல கூடக் கொஞ்ச நேரம் இருந்துட்டேன்னு. அவரைச் சொல்லி என்ன பண்றது? இன்ஷூரன்ஸ் கிடைக்காம எங்க ஆபீஸ்ல வேலை போறதுல நான் மூணாவது ஆளு."

மேடத்தின் பேனா நின்றது. "மூணாவதா?"

"மூணு வருஷத்துல மூணு பேரு. எங்க ராசி அப்படி." கிளெனிஸ் எழுந்தார். தன் சார்பில் கோர்ட்டில் விசாரிக்கலாம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேலை நேரத்தில் சொந்தப் போனை எடுக்கக்கூடாது என்பது கம்பெனி விதி, மாலை ஐந்துக்கு மேல்தான் பேச முடியும் என்று சொல்லிவிட்டு ஓடினார். ஃபைலை மேசையிலேயே விட்டுவிட்டார்.

கோர்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டோம். நாற்பது நிமிடம் வயலின் இசை. கடைசியில் மேடத்தை முப்பது வருஷமாகத் தெரிந்த ஒரு குமாஸ்தா, கையெழுத்துத் தாளின் நகல் போய்ச் சேர்ந்ததும் விவரத்தை வாசித்தார். மார்ச் ஆறாம் தேதி, வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. முப்பது மைல் சாலையில் நாற்பத்தாறு மைல் வேகம். கார், பென்னிஃபோல்ட் கேர் கம்பெனியின் பொதுக் கார். அவசரத்துக்கு எந்த ஊழியரும் எடுக்கலாம். அன்றைக்கு எடுத்தவர் கிளெனிஸ் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. காரை யார், எப்போது எடுத்தார்கள் என்று எழுதும் பதிவேட்டின் நகலோடு.

"கேஸ் முடிஞ்சுது. எட்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்திருக்காங்க, மறந்துட்டாங்க. நானே அந்தக் குழம்பை எந்தக் கடையில வாங்கினேன்னு மறந்துட்டேன்" என்றேன் நான்.

"போலீஸ் லெட்டர் எந்த விலாசத்துக்குப் போச்சுன்னு கேட்டியா?"

"இல்லையே."

"நான் கேட்டேன். ஒன்பது, குவாரி ரோ. கிளெனிஸ் வீடு ஷெஃபீல்ட் ரோடுல. அந்தப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து குவாரி ரோவுல குடியிருந்ததா இந்த ஃபைல்ல ஒரு காகிதம்கூட இல்ல. கோட்டை எடு ஸ்பிங்க்."

நாற்பத்து மூன்றாம் நம்பர் பஸ் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்று பலகையில் எழுதியிருந்தது. அதை எழுதியவருக்கு நல்ல கற்பனை வளம். முப்பத்தெட்டு நிமிடம் நனைந்து, மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து, குவாரி ரோவில் இறங்கினோம்.

ஒன்பதாம் எண், வரிசை வீடுகளில் ஒன்று. கதவுக்குப் பக்கத்தில் நம்பர் போட்டுத் திறக்கிற குட்டிச் சாவிப் பெட்டி. நடமாட முடியாதவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் இது தொங்கும். நான் கதவைத் தட்டினேன்.

"என்னால எழுந்து வர முடியாது! பெட்டியில சாவி இருக்கு! நம்பர் தெரியும்ல? நாம கப்பு ஜெயிச்ச வருஷம்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது.

கால்பந்து உலகக் கோப்பையை இந்த நாடு ஜெயித்த ஒரே வருஷம்: ஒன்று, ஒன்பது, ஆறு, ஆறு. பெட்டி திறந்தது. இந்த நாட்டில் திருடர்கள் ஏன் கஷ்டப்பட்டுப் பூட்டை உடைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

உள்ளே நாற்காலியில் வில்ஃப் கார்சைட். வயது எண்பத்தாறு. சுரங்கத்தில் உழைத்த தோள்கள், வேலைநிறுத்தம் செய்துவிட்ட முழங்கால்கள். பக்கத்து மேசையில் ஒரு நோட்டு. வீட்டுக்கு வந்து பராமரிக்கும் கேரர்கள் வந்து போவதை எழுதும் நோட்டு. அட்டையில் பென்னிஃபோல்ட் கேர். நான் பக்கத்தைப் புரட்டினேன். கிளெனிஸ், கிளெனிஸ், கிளெனிஸ்.

மேடத்தின் காதோரம் போனேன். "மேடம், இது அவங்க தினமும் வர்ற வீடு. லெட்டர் வீட்டுக்கு வராம இருக்க, கெழவர் விலாசத்தை அவங்களே குடுத்திருக்காங்க. இங்கேயே வாங்கிக் கிழிச்சுப் போட்டிருக்காங்க. நம்ம முன்னாடி அழுததெல்லாம் நடிப்பு."

மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். முகம் கல்லாக இருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. கிளெனிஸை எனக்குப் பிடித்துப் போயிருந்தது.

மேடம் கிழவர் எதிரில் உட்கார்ந்தார். "மிஸ்டர் கார்சைட், உங்க வீட்டுக்கு ஆக்ராய்ட்ங்கற பேருக்கு லெட்டர் வருதா?"

"வருதே! மே மாசத்துலேர்ந்து வருது. பழுப்புக் கவரு. யாருன்னே தெரியல. அம்பத்தோரு வருஷமா இந்த வீட்டுல நான்தான் இருக்கேன் கண்ணு. ஆக்ராய்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நேத்துகூட ஒண்ணு வந்துச்சு, அதோ, கடிகாரத்துக்குப் பின்னாடி."

"உங்களுக்கு கிளெனிஸைத் தெரியும்ல?"

"எங்க கிளெனிஸா! தங்கம்னா தங்கம். ஏன், அவளுக்கு என்ன?"

"அவங்க முழுப் பேரு கிளெனிஸ் ஆக்ராய்ட்."

கிழவரின் வாய் திறந்தபடி நின்றது. "ஆக்ராய்டா? எங்க கிளெனிஸா? அட ஆண்டவா, அவங்க சட்டையில மாட்டியிருக்கற அட்டையில வெறும் கிளெனிஸ்னுதானே போட்டிருக்கு! முழுப் பேரு சொல்லக் கூடாதாம், கம்பெனி ரூல். மூணு வருஷமா எனக்குச் சவரம் பண்ணிவிடுறா. பேரு தெரிஞ்சிருந்தா அவ கையிலயே குடுத்திருப்பேனே!"

மேடம் என் பக்கம் திரும்பினார். கடிதத்தை இங்கே வரவழைக்கிறவள், அது தனக்குத்தான் என்று கிழவரிடம் சொல்லி வாங்கிக்கொள்ளாமலா இருப்பாள் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் சன்னலுக்கு வெளியே இருந்த குப்பைத் தொட்டியை ஆர்வமாகப் பார்த்தேன்.

"அப்போ இதுக்கு முன்னாடி வந்த லெட்டரெல்லாம்?"

"அந்தப் பெரிய மனுஷர்கிட்ட குடுத்துட்டேன். பென்னிஃபோல்ட். மாசாமாசம் அவரே வர்றாரு, பராமரிப்பு திருப்தியான்னு கேட்க. எவ்வளவு பெரிய முதலாளி! முன்னாடி குடியிருந்தவங்களுக்கு வந்த லெட்டரா இருக்கும், நான் திருப்பி அனுப்பிடறேன்னு வாங்கிக்கிட்டுப் போவாரு."

"உங்களுக்கு முன்னாடி அம்பத்தோரு வருஷத்துக்கு மேல ஆச்சே?" என்றேன் நான்.

"எனக்கும் தோணிச்சு தம்பி. ஆனா அந்த ஆளு டை கட்டியிருந்தாரு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம் கோர்ட்டில் சாட்சி சொல்லாது. பென்னிஃபோல்ட் கடிதத்தை வாங்கவே இல்லை என்று சாதிக்கலாம். பதிவேட்டில் கிளெனிஸ் பெயர் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு அந்த நேரத்தில் அவர் அந்தக் காரில் இல்லை என்று யார் சொல்வது?

மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் துண்டுகளைப் பொருத்திச் சேர்த்த ஜிக்ஸா படம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது. விட்பி துறைமுகம், படகுகள், கடல். வானத்தில் ஒரு துண்டு மட்டும் காணோம். அந்த ஓட்டை வழியாகச் சுவர் தெரிந்தது.

"இந்தப் படத்தோட பெட்டி இருக்கா?"

"சோபாவுக்கு அடியில."

"மூடியில எழுதியிருப்பீங்களே?"

"எழுதாம? எழுதாதவன் மனுஷனா?"

நான் மண்டியிட்டுப் பெட்டியை எடுத்தேன். மூடியின் உட்பக்கத்தில், நடுங்கும் பென்சில் எழுத்தில் இருந்தது: 'மார்ச் 6, வியாழன். மதியம் 12.40க்கு முடிந்தது. கிளெனிஸ் உதவி. ஒரு துண்டு காணோம் (வானம்).'

மேடம் வீட்டில் எண்பது ஜிக்ஸா பெட்டிகள் இருக்கின்றன. எண்பது மூடியிலும் முடித்த தேதியும் தொலைந்த துண்டும் எழுதியிருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிரித்த நாட்களுக்கு அன்றைக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னைக்குக் கொட்டற மழை. அவ காரு ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. பஸ்ஸுல நனைஞ்சுக்கிட்டு வந்தா" என்றார் வில்ஃப். "வந்த கையோட முடிச்சுட்டோம். ஒரு துண்டு இல்லைன்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் பொண்டாட்டி வாங்கி வெச்ச கடைசிப் படம் அது. கிளெனிஸ் சோபாவுக்கு அடியில படுத்துத் தேடினா, கம்பளத்தைத் தூக்கித் தேடினா. கிடைக்கல. அதுக்கு அவளுக்கு ஏதோ ஏச்சு வேற விழுந்துச்சாம், பாவம்."

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். "ஏச்சா?"

"ரொம்ப நேரம் இருந்துட்டாளாம்."

"நேத்து வந்த கவரை நாளைக்கு கிளெனிஸ் கையிலயே குடுங்க" என்று சொல்லிவிட்டு மேடம் எழுந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கிளெனிஸின் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். பாதியில் ஒரு தாளில் நின்றார். இரண்டு முறை படித்தார். பிறகு, நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷத்தில் மூன்றாவது முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன மேடம்?"

"சில பேரு ரொம்பக் கறாரா இருக்கறது உலகத்துக்கு நல்லது ஸ்பிங்க்."

பென்னிஃபோல்ட் கேர் அலுவலகத்துக்கு நாலு மணிக்குப் போனோம். வாசலில் 'நிர்வாக இயக்குநருக்கு மட்டும்' என்று பித்தளைப் பலகை போட்ட இடம். அதில் நின்றதோ இரண்டு கைகள் குவிந்த கம்பெனிச் சின்னம் ஒட்டிய சின்ன வெள்ளைக் கார். அதே பொதுக் கார். எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. அப்படி வைத்தால் கிளெனிஸின் கால் பிரேக்குக்கு எட்டாது.

"மேடம், பித்தளைப் பலகை மாட்டற ஆளு, சொந்தமா ஒரு பெரிய கார் வெச்சுக்காம பொதுக் கார்ல ஏன் வர்றாரு? அந்த அவமானம் எனக்குப் பழக்கம். இவருக்கு எந்த இன்ஷூரன்ஸ்காரனும் கதவைத் திறக்கல. கம்பெனி பாலிசியில யாரு வேணும்னாலும் ஓட்டலாம், பேரு கேட்க மாட்டான்."

"இன்னைக்கு நீ சம்பளம் வாங்கத் தகுதியாயிட்டே" என்றார் மேடம்.

கிளைவ் பென்னிஃபோல்ட் ஆறடி நாலங்குலம். வெள்ளை வெளேரென்ற பல். சுவரில் 'அக்கறையே எங்கள் மூச்சு' என்று சட்டம் போட்ட வாசகம்.

மேடம் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தார். "கிளெனிஸ் ஆக்ராய்ட் விஷயமா வந்தோம். மறுபடி விசாரிங்கன்னு கோர்ட்டுல கேட்கப் போறாங்க. எங்களுக்கே சந்தேகமா இருக்கு. அந்தக் கார் பதிவேட்டை ஒருதடவை பார்த்துட்டா மனசு ஆறிடும்."

பென்னிஃபோல்டின் முகத்தில் நிம்மதி பரவியது. பதிவேட்டை அவரே திறந்து காட்டினார். மார்ச் ஆறு, பன்னிரண்டு மணி முதல் ஒன்றரை வரை, ஜி. ஆக்ராய்ட். "பாவம், நல்ல பொண்ணுதான். என்ன பண்றது, சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்."

"அந்த மார்சைட்... கார்சைட்னு ஒரு பெரியவர். அன்னைக்கு மதியம் கிளெனிஸ் தன்னோடதான் இருந்தாங்கன்னு சொல்றாரு."

"அவருக்கு எண்பத்தாறு வயசு! நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது. பதினஞ்சு நிமிஷ விசிட் அது. பன்னண்டரைக்கு வந்திருப்பா, முக்காலுக்குக் கெளம்பியிருப்பா, கார்ல ஏறி மிதிச்சிருப்பா. அவ்வளவுதான்."

"அப்படியும் இருக்கலாம். கேரர்கள் வந்த நேரம் போன நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அவங்க சொல்றதுதானே?"

பென்னிஃபோல்ட் சிரித்தார். அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது. "என் சிஸ்டம் அது. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பட்டை ஒட்டியிருக்கு. உள்ள வந்ததும் கம்பெனி போனை அதுல தட்டணும், கெளம்பறப்ப தட்டணும். நின்ன இடம் வரைக்கும் இங்க பதிவாயிடும். ஒரு நிமிஷம் ஏமாத்த முடியாது."

"தப்பாப் போகவே போகாதா?"

"போகாது. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்வேன்."

"எழுதிக்கோ ஸ்பிங்க்" என்றார் மேடம். நான் எழுதிக்கொண்டேன். மேடம் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தி வாசிப்பவர்போல வாசித்தார்.

"'அன்புள்ள கிளெனிஸ், எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. மார்ச் ஆறாம் தேதி, ஒன்பது குவாரி ரோவில் தாங்கள் மதியம் 12.28க்கு நுழைந்து 1.09க்கு வெளியேறியதை எமது சிஸ்டம் உறுதி செய்கிறது. பதினைந்து நிமிடப் பணிக்கு நாற்பத்தொரு நிமிடம் எடுத்துக்கொண்டீர்கள். தாங்கள் கூறிய காரணம்: ஜிக்ஸா துண்டு தேடியது. இது பணி சார்ந்த காரணம் அல்ல. தாங்கள் அந்த வீட்டைவிட்டு ஒரு கணமும் வெளியே செல்லவில்லை என்பதை நானே நேரில் சரிபார்த்துள்ளேன். இப்படிக்கு, கிளைவ் பென்னிஃபோல்ட்.' கையெழுத்து அழகா இருக்கு."

பென்னிஃபோல்ட் பதிவேட்டை மெல்ல மூடினார்.

"கேமரா பிடிச்சது பன்னண்டு அம்பத்திரண்டுக்கு. மூணு மைல் தள்ளி" என்றார் மேடம். "அந்த நேரத்துல கிளெனிஸ் சோபாவுக்கு அடியில வானத்தைத் தேடிக்கிட்டிருந்தாங்க. நீங்களே சாட்சி. இந்த லெட்டரை மார்ச் பத்தாம் தேதி எழுதினீங்க. போலீஸ் நோட்டீஸ் அதுக்கப்புறம் வந்தது. எந்தத் தேதிக்கு யாரு பேரை எழுதறோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். நாற்பத்தொரு நிமிஷம் கேட்கல."

"இது... ஆபீஸ்ல யாரோ தப்பா..."

"உங்க கேரர்கள் வருஷாவருஷம் லைசென்ஸ் விவரத்தை உங்ககிட்ட காட்டணும்ல? சட்டம்னா எல்லாருக்கும்தான். உங்களோடதைக் காட்டுங்களேன். ஒன்பது புள்ளியா, பத்தா?"

பென்னிஃபோல்ட் காட்டவில்லை. டையைத் தளர்த்திக்கொண்டார்.

"மூணு வருஷம், மூணு பெண்கள்" என்றார் மேடம். இப்போது குரலில் கிண்டல் இல்லை. "வேற விலாசத்தைக் குடுத்து உங்க புள்ளியை அவங்க தலையில கட்டுனீங்க. இன்ஷூரன்ஸ் கிடைக்காம அவங்க தவிச்சப்ப, அதையே காரணம் காட்டி வேலையைவிட்டும் அனுப்பினீங்க. சோறு போடற வேலை அது. வெட்கமா இல்ல?"

மேடம் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "இதெல்லாம் போலீஸுக்குப் போகுது, அதுல பேரம் கிடையாது. ஆனா திங்கக்கிழமை ஒன்பது மணிங்கற கெடு நீங்க விதிச்சது. அதை நீங்களே எடுங்க. கோர்ட் மறுபடி விசாரிக்கற வரைக்கும் கிளெனிஸ் வேலையில இருப்பாங்க, கம்பெனி பாலிசியில அந்த வெள்ளைக் காரை அவங்க ஓட்டுவாங்கன்னு எழுதுங்க. அதான் யாரு வேணும்னாலும் ஓட்டலாமே."

அவர் எழுதினார். கையெழுத்து இந்த முறை அவ்வளவு அழகாக இல்லை. கார்ச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"எனக்கு... என்ன ஆகும்?" என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு.

"சட்டத்தை ஏமாத்தினதுக்கு இந்த ஊர்ல பெரும்பாலும் உள்ளதான் போடுவாங்க" என்றேன் நான். "பரவாயில்ல, உள்ள கார் தேவைப்படாது. வெளிய வந்தப்புறம் இன்ஷூரன்ஸ்னு வாயைத் திறந்தீங்கன்னா அந்தக் கம்பெனிப் பொண்ணுங்க போனையே வெச்சுடும்." கோட்டுப் பையிலிருந்து, மூலை மடங்கிய என் பஸ் அட்டவணையை எடுத்து அவர் கையில் வைத்தேன். "நாற்பத்து மூணு. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கும். நம்பாதீங்க."

வெளியே வந்தோம். மணி ஐந்தேகால். மேடம் கிளெனிஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட்டில், அந்தக் கடிதம் எதுவும் தன் கைக்கு வரவே இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்தால் போதும், பழைய தண்டனை ரத்தாகி விசாரணை முதலிலிருந்து தொடங்கும், ஆறு புள்ளியும் போய்விடும் என்றார்.

கிளெனிஸ் அழுதுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பென்னிஃபோல்ட் என்ன ஆனார் என்று கேட்பார், அந்த முகம் எப்படிப் போயிற்று என்று விலாவாரியாகச் சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன்.

"பத்து மணிக்கு கோர்ட்டுன்னா, பன்னண்டரைக்குள்ள வில்ஃப் வீட்டுக்குப் போயிடலாம்ல மேடம்?" என்றார் கிளெனிஸ். "வேற யாராவது போனா சூப்பை ஆறவெச்சுக் குடுத்துடுவாங்க. அவருக்குச் சூடா இருக்கணும்."